சாவி யார் கையில்?

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஊரிலே ஒரு வைத்தியசாலையின் ஆண்கள் விடுதியில், நோயுற்றிருந்த எமது தகப்பனாரின் கட்டிலருகே நாம் ஓர் இரவைக் கழிக்க நேர்ந்தது. நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில், மூன்றாம் கட்டிலிற் கிடந்த முதியவர் விக்கல் போன்றதோர் ஒலி எழுப்பி அடங்கிப் போனார். இரவுக் கடமையில் இருந்தவர் ஒரேயொரு இளந்தாதி. விடுதி முழுவதற்கும் அவர் ஒருவர்தான். அவர் ஓடி வந்து, கட்டிலின் மேல் முழந்தாளிட்டு நின்று, முதியவரின் நெஞ்சை இரு கைகளாலும் அழுத்தத் தொடங்கினார். அழுத்திக்கொண்டே, "ட்றொலியைக் கொண்டு வாருங்கோ!" என்று குரல் கொடுத்தார். விடுதியின் கடைக்கோடியில் நின்ற அவசர சிகிச்சை வண்டியைச் சிற்றூழியர் ஒருவர் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டி பூட்டியிருந்தது. சாவியோ, பகற்கடமை முடிந்து சென்றுவிட்ட பொறுப்புத் தாதியின் மேசை இலாச்சியில். அந்த இலாச்சியும் பூட்டியிருந்தது.

எவரோ ஓடிச் சென்று சாவியைக் கொண்டு வந்தபோது கால் மணி நேரம் கடந்திருந்தது. வண்டி திறக்கப்பட்ட பின்னரும், அந்தத் தாதி ஒவ்வோர் இலாச்சியாக இழுத்து, எது எங்கே இருக்கின்றதெனத் தேடினாரேயன்றி, கைவைத்த இடத்தில் எதனையும் எடுக்க அவரால் இயலவில்லை. முதியவர் போய்விட்டார். சாவி உடனே கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதை எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்றிரவு இரண்டு பூட்டுகள் இருந்தன என்பதை நாம் பின்னரே உணர்ந்தோம். ஒன்று வண்டியில் இருந்த பூட்டு. மற்றையது, அந்த வண்டியை முன்கூட்டித் திறந்து பார்த்துப் பழக ஒரு தாதிக்கு எவருமே வாய்ப்பளிக்காத வழக்கம். முதலாவது பூட்டுக்குச் சாவி வந்தது. இரண்டாவதற்கு வரவில்லை.

இவ்வாரம் அந்த வண்டியைப் பற்றியும், அதனைத் திறக்க வேண்டிய கைகளைப் பற்றியும் எழுத எண்ணினோம். எழுதுவதற்கு நாம் தேர்ந்துகொண்ட நகரம் யாங்கோன். எமது பாட்டனார் காலத்தவர் ரங்கூன் என்று சொன்ன அதே நகரம். அதற்குக் காரணங்கள் உள. முதலாவது, அது தமிழருக்குப் புதிய ஊரன்று. 1871 இல் அங்கே தமிழர் எழுப்பிய காளி கோவில் இன்றும் நகரின் நடுவே நிற்கின்றது. 1931 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அந்நகரத்து மக்களிற் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். அவர்களுள் தமிழரும் தெலுங்கரும் பெருந்தொகையாக இருந்தனர். இரண்டாவது, உயிர்மீட்பு வண்டியும் அதனை அறிந்த தாதியும் ஒன்றையொன்று பிரிந்தால் என்னவாகும் என்ற கேள்வி, அண்மைக்காலத்தில் அந்நகரைப் போல வேறெங்கும் இத்தனை கூர்மையாக எழுந்ததில்லை.

ஒரு தாதி செய்த வண்டி

வைத்தியசாலைகளிற் பணிபுரியும் எம் வாசகர்கள் இந்த வண்டியை நன்கறிவர். ஏனையோருக்காகச் சில வரிகள். சில்லுகள் பூட்டிய, நான்கைந்து இலாச்சிகள் கொண்ட ஒரு சிறு அலுமாரி. மேலே இருதயத்திற்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் இயந்திரம். பக்கத்தில் ஒட்சிசன் சிலிண்டர். பின்புறத்தில் ஒரு கடினமான பலகை. மெத்தையிற் கிடப்பவரின் நெஞ்சை அழுத்தினால் மெத்தை அமிழுமேயன்றி இருதயம் அமிழாது. ஆகவே முதுகின் கீழே வைப்பதற்கு அப்பலகை. இலாச்சிகளில் மருந்துகள், ஊசிகள், சேலைன் குழாய்கள், சுவாசக் குழாய்கள், தொண்டையைத் திறந்து ஒளியூட்டிப் பார்க்கும் கருவி, கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் அம்பு பை. இவ்வளவுதான். விலையுயர்ந்தது என்று சொல்லத்தக்கது அந்த மின்னதிர்ச்சி இயந்திரம் ஒன்றே.

இந்த வண்டியின் வரலாறு நீண்டதன்று. 1956 இல் டென்மார்க்கில் ஹெனிங் ரூபன் என்ற வைத்தியரும் ஹோல்கர் ஹெஸ்ஸ என்ற பொறியியலாளரும், அழுத்தினால் தானாகவே மீண்டும் விரியும் காற்றுப்பையை உருவாக்கினர். 1960 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பொக்கர் ஆகிய மூவரும், நெஞ்சைப் பிளக்காமலே வெளியிலிருந்து அழுத்தி, நின்றுபோன இருதயத்தின் வேலையைச் செய்யலாம் என்று எழுதினர். அவர்களுள் மூத்தவரான கூவன்ஹோவன் வைத்தியரல்லர், மின்பொறியியலாளர். அதுவரை சத்திரசிகிச்சைக் கூடத்திற்கு மட்டுமே உரியதாயிருந்த ஒரு வித்தை, அன்றுமுதல் இரண்டு கைகள் உள்ள எவருக்கும் உரியதாயிற்று.

இரண்டு கைகள் கிடைத்த பின்னர், மருந்தும் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டுமல்லவா? 1960களில் அமெரிக்காவின் வெவ்வேறு வைத்தியசாலைகளில் வெவ்வேறு வண்டிகள் தோன்றின. முதலில் செய்தவர் யார் என்பதில் வாதம் உண்டு. எமது மனதிற்கு நெருக்கமானவர், நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் அவசர சிகிச்சைப் பிரிவிற் பணியாற்றிய அனிற்றா டோர் என்ற தாதி. ஓர் உயிர் ஊசலாடும் வேளையில் பொருட்களைத் தேடி அங்குமிங்கும் ஓடுவதிலேயே நிமிடங்கள் கரைவதை அவர் கண்டார். தம் சகதாதியருடன் அமர்ந்து, என்னென்ன தேவை என்று பட்டியலிட்டார். அவற்றை நோயாளியின் தலை முதல் கால் வரையான ஒழுங்கில் அடுக்கத் திட்டமிட்டார். 1967 இல் தம் வீட்டு நிலவறையிலே மரத்தால் ஒரு மாதிரி வண்டி செய்விக்கப்பட்டது. 1970 இல் அவசர சிகிச்சைத் தாதியருக்கான சங்கமொன்றை நிறுவியவர்களுள் ஒருவராகவும் இருந்து, 1972 இல் அவர் காலமானார்.

இதனை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இவ்வண்டி தாதியரின் ஓட்டத்திலிருந்து பிறந்த பொருள். அதனைத் தாதியருக்கே பூட்டி வைப்பது எத்தனை முரண்!

நிமிடங்களின் கணக்கு

இருதயம் திடீரென நின்றால் மூளைக்குக் குருதி செல்வது அக்கணமே நின்றுவிடுகின்றது. நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை மீளாச் சேதம் அடையத் தொடங்கும். மின்னதிர்ச்சியால் மீட்கக்கூடிய வகை இருதய நிறுத்தமாயின், நெஞ்சை அழுத்துவாரும் மின்னதிர்ச்சி கொடுப்பாரும் இல்லாமற் கழியும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைகின்றது. அழைப்புக் கேட்டு, படியேறி, நீண்ட விறாந்தையைக் கடந்து வைத்தியர் வந்து சேர்வதற்குள் இக்கணக்கின் பெரும்பகுதி முடிந்துவிடும். ஆகையால், வைத்தியசாலைக்குள் நின்றுபோகும் இருதயத்தின் விதியை எழுதுபவர் பெரும்பாலும் தாதியே. இது புகழ்ச்சி அன்று. தூரத்தையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் வரும் விடை.

அந்தத் தாதி அறிந்திருக்க வேண்டியவை எவை? நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்திற்கு நெஞ்சை அழுத்துதல். 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சுகள். அதிரினலின் 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடங்களுக்கு ஒரு தடவை. மின்னதிர்ச்சிக்கு முன் எல்லோரையும் கட்டிலிலிருந்து விலகச் சொல்லுதல். இவை புத்தக அறிவு. ஆனால் வண்டியின் அறிவு என்று வேறொன்று உண்டு. அதிரினலின் எந்த இலாச்சியின் எந்த மூலையில்? தொண்டைக் கருவியின் சிறு மின்குமிழ் எரிகின்றதா? சிலிண்டரைத் திறக்கும் திறப்பு சிலிண்டரிலேயே கட்டப்பட்டுள்ளதா? உறிஞ்சு கருவி உறிஞ்சுகின்றதா? காற்றுப்பைக்கு ஏற்ற முகமூடி, பெரியவருக்கு ஒன்றும் குழந்தைக்கு ஒன்றுமாக, இருக்கின்றதா? இவற்றைப் பரீட்சைத் தாளிலே கேட்டு அறிய முடியாது. நாள்தோறும் கைகளால் தொட்டே அறிய வேண்டும்.

புத்தக அறிவு நிறைந்திருந்தும் வண்டி அறிவு இல்லாமையால் தடுமாறுவோர் எல்லா நாடுகளிலும் உளர். நல்ல சம்பளமும் நவீன கருவியும் உள்ள நாடுகளிலும், ஒரு விடுதியில் மேல் இலாச்சியில் இருக்கும் மருந்து அடுத்த விடுதியிற் கீழ் இலாச்சியில் இருப்பதுண்டு. விடுதி மாறி வந்த தாதி அங்கே ஒரு புதுமுகம். இதனாலேயே, ஒரு வைத்தியசாலையின் எல்லா வண்டிகளும் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட வேண்டும் என்ற விதி வந்தது.

அறிவுக்கும் காலாவதித் திகதி உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அற்றோப்பின் என்ற மருந்து நீண்ட காலம், முற்றாக நின்றுபோன இருதயத்திற்கு வழமையாகக் கொடுக்கப்பட்டது. 2010 இல் வெளியான சர்வதேச வழிகாட்டல்கள் அவ்வழக்கத்தைக் கைவிட்டன. ஆனால் 2010 க்கு முன் படித்து, அதன்பின் எவராலும் மீள்பயிற்சி அளிக்கப்படாத ஒரு தாதியின் கை, இன்றும் அம்மருந்தைத் தேடியே முதலில் நீளலாம். குற்றம் கையிலன்று, அதற்கு மறுபடி கற்பிக்காத நிர்வாகத்திலேயே.

கடைக்கு ஓட முடியாத மருந்து

இனி யாங்கோனுக்கு வருவோம். நகரின் நடுவே, செந்நிறச் செங்கல்லால் எழுந்து நிற்பது யாங்கோன் பொது வைத்தியசாலையின் பழைய கட்டடம். பிரித்தானியர் காலத்தில், 1911 இல் அது கட்டி முடிக்கப்பட்டது. பர்மிய மொழியில் தாதியை "ஸயாமா" என்று அழைப்பார்கள். ஆசிரியை என்பதற்கும் அதே சொல்தான். தாதியை ஆசிரியை என்று அழைக்கும் ஒரு மொழி, தாதியின் அறிவுக்கு எத்தனை மதிப்பை விரும்புகின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

விருப்பம் அவ்வாறிருக்க, நடைமுறை வேறாகவே இருந்து வந்தது. 1962 இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம் பல பத்தாண்டுகள் சுகாதாரத்திற்கு மிகச் சொற்பமாகவே செலவிட்டது. 1993 முதல் அரச வைத்தியசாலைகளில் "செலவுப் பகிர்வு" என்ற ஏற்பாடு வந்தது. அழகிய பெயர். அதன் பொருள், மருந்தின் விலையை நோயாளியும் கொடுக்க வேண்டும் என்பதே. தாதி துண்டில் எழுதிக் கொடுக்க, உறவினர் வெளியே மருந்துக்கடைக்கு ஓடி, ஊசியையும் சேலைனையும் கையுறையையும் வாங்கி வருவது அங்கே பழகிப்போன காட்சியாயிற்று. 2011 இன் பின்னர் வந்த ஆட்சிகள் நிதியைக் கூட்டின. இலவச மருந்துகளும் கூடின. ஆயினும் பழக்கம் முற்றாக அகலவில்லை.

உயிர்மீட்பு வண்டி இந்தப் பழக்கத்திற்கு நேர் எதிரானது. முதலில் கொடு, பின்னர் கணக்குப் பார் என்பதே அதன் சட்டம். நின்றுபோன இருதயத்திற்கு அதிரினலின் வாங்கி வர எந்த மகனையும் கடைக்கு அனுப்ப முடியாது. ஆனால் வண்டியிலிருந்து எடுத்த மருந்தை மீண்டும் நிரப்ப எவரிடம் பணம்? குறைந்த குப்பிக்கு யார் பொறுப்பு? வறிய நாடொன்றில் வண்டிக்குப் பூட்டு வருவது இக்கேள்வியினாலேயே. பொறுப்புத் தாதி கல்நெஞ்சக்காரி அல்லர். ஒரு குப்பி காணாமற் போனால் தம் சம்பளத்திலிருந்து கொடுக்க வேண்டி வருமோ என்று அஞ்சுபவர். எமது ஊரில் நாம் கண்ட பூட்டும் இத்தகையதே என்று இப்போது எண்ணுகின்றோம். அன்று அப்பொறுப்புத் தாதியை நாம் மனதாரச் சபித்தோம். இன்று அந்தச் சாபத்தை மீளப் பெறுகின்றோம்.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. நவீன வைத்தியசாலைகளில் இவ்வண்டிக்கு இரும்புப் பூட்டு இல்லை. கையால் முறிக்கக்கூடிய, இலக்கமிட்ட ஒரு பிளாஸ்ரிக் முத்திரை மட்டுமே. முறிந்திருந்தால் வண்டி திறக்கப்பட்டது என்று பொருள்; உடனே சரிபார்த்து, நிரப்பி, புதிய முத்திரை இடுவார்கள். முழுமையாக இருந்தால் உள்ளே எல்லாம் இருக்கின்றது என்று நம்பலாம். களவுக்கும் காவல், அவசரத்திற்கும் வழி. சில சதங்கள் பெறுமதியான இந்தப் பொருள், ஒரு நிர்வாகம் தன் தாதியரை நம்புகின்றது என்பதற்கான அடையாளமும் ஆகும்.

மழையும் மின்சாரமும் வேறு இரு எதிரிகள். மே முதல் ஒக்ரோபர் வரை யாங்கோனில் மழைக்காலம். ஈரலிப்பில் இறப்பர் வெடிக்கும், பற்றரி கசியும், தொண்டைக் கருவியின் தொடுமுனைகள் கறள் பிடிக்கும். 2021 இன் பின்னர் நகரில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு வழமையாயிற்று. மின்னதிர்ச்சி இயந்திரத்தின் பற்றரி நிரம்பியிருக்கின்றதா என்பதை, மின்சாரம் இருக்கும் மணி நேரத்திலேயே பார்த்து வைக்கும் தாதி அங்கே தேவை. பார்த்துக் கையொப்பமிட்ட தாள் வேறு, உண்மையிலேயே பார்த்தது வேறு என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. பதினைந்து நாட்களின் கையொப்பமும் ஒரே பேனாவால் ஒரே தடவையில் இடப்பட்ட தாள்களை உலகின் எந்த மூலையிலும் காணலாம்.

நன்முயற்சிகளையும் சொல்ல வேண்டும். 1991 இல் யாங்கோனில் தாதியருக்கான உயர்கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது, பட்டப்படிப்பு வந்தது. 2012 இல், மறு ஆண்டு டிசம்பரில் நேப்பிடோவில் நடைபெறவிருந்த தென்கிழக்காசிய விளையாட்டு விழாவும் ஒரு தூண்டுகோலாக, யாங்கோன் பொது வைத்தியசாலையை மையமாகக் கொண்டு, அவசர மருத்துவம் ஒரு தனித்துறையாக வளர்க்கப்படலாயிற்று. அவுஸ்திரேலியா முதலான நாடுகளின் வைத்தியர்கள் பயிற்றுவித்தனர். வண்டியும் வந்தது, கைகளும் பழகத் தொடங்கின.

நடந்து சென்ற அறிவு

அதன்பின் நடந்ததை வாசகர்கள் அறிவர். 2021 பெப்ரவரி 1 ஆம் திகதி இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. ஓரிரு நாட்களுக்குள் முதலில் வேலையை விட்டு வெளியேறியவர்கள் அரச வைத்தியசாலைகளின் வைத்தியர்களும் தாதியருமே. நெஞ்சிலே சிவப்பு நாடா அணிந்து, இராணுவ ஆட்சியின் கீழ்ப் பணிபுரிய மாட்டோம் என்றனர். அந்த ஒத்துழையாமை இயக்கம் பின்னர் ஆசிரியர், வங்கி ஊழியர், புகையிரத ஊழியர் என்று பரவியது. அவர்களிற் பலர் கைதாயினர்; பலர் தலைமறைவாயினர்; பலர் எல்லை கடந்தனர். தனியார் வைத்தியசாலைகள் அவர்களை வேலைக்கு அமர்த்தலாகாது என்று மிரட்டப்பட்டன.

அவ்வாண்டு ஜூலையில் கொரோனாத் தொற்று உச்சம் அடைந்தபோது, வெற்று ஒட்சிசன் சிலிண்டர்களைச் சுமந்துகொண்டு யாங்கோன் மக்கள் நிரப்பு நிலையங்களின் முன் வரிசையில் நின்றனர். உதவி வேண்டி வீட்டு வாசல்களில் வெள்ளைக் கொடியும் மஞ்சட் கொடியும் தொங்கின. வண்டியின் பக்கத்தில் நிற்க வேண்டிய சிலிண்டர் தெருவுக்கு வந்தது. வண்டியை அறிந்த தாதியோ ஒளிவிடத்தில் இருந்துகொண்டு, தொலைபேசி வழியே, எத்தனை லீற்றர் வைப்பது, நோயாளியை எவ்வாறு குப்புறக் கிடத்துவது என்று சொல்லிக்கொடுத்தார். வெளியேறியது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. கட்டிலிற் கிடந்தவருக்கு அது பேரிழப்பு. அதனை மறைப்பது நேர்மையாகாது. வெளியேறியவருக்கும் அது எளிதாயிருக்கவில்லை. அதனை மறப்பதும் நேர்மையாகாது.

பர்மாவில் தாதியரின் அறிவு இவ்வாறு கால்நடையாகச் சென்றது இது முதற்றடவை அன்று. 1942 இல் ஜப்பானியப் படை முன்னேறியபோது, நம்கம் என்னும் மலையூரில் அமெரிக்க வைத்தியர் கோர்டன் சீகிரேவ் பயிற்றுவித்த கரேன், கச்சின், ஷான் இனத் தாதியர், தளபதி ஸ்ரில்வெல்லின் அணியுடன் காட்டு வழியே இந்தியா வரை நடந்தனர். அதே ஆண்டில், அதே எல்லையை நோக்கி, இலட்சக்கணக்கான இந்தியர்களும், அவர்களுள் எம் தமிழரும், நடந்தனர். வழியில் வீழ்ந்தோர் பல்லாயிரவர். அந்தத் தாதியர் கருவிகளைப் பெரும்பாலும் கைவிட்டே சென்றனர். கைகளை விட்டுச் செல்லவில்லை. பின்னர் படையணிகளுடன் திரும்பிச் சென்று, காட்டுக் கொட்டில்களிற் காயமுற்றோரைப் பராமரித்தனர்.

அதே 1942 இல் ரங்கூன் பொது வைத்தியசாலையில் கின் சீ என்ற தாதி, நோயுற்று வந்த ஓர் இளம் படைத் தலைவரைப் பராமரித்தார். அவரே பின்னர் அந்நாட்டின் விடுதலைத் தந்தை எனப்பட்ட ஆங் சான். இருவரும் அவ்வாண்டே மணந்துகொண்டனர். 1988 இல் அந்தத் தாதி நோயுற்றுக் கிடந்தபோது அவரைப் பராமரிக்க வந்த மகள் ஆங் சான் சூ கீ, அவ்வைத்தியசாலை வளாகத்திலேயே ஓகஸ்ட் 24 ஆம் திகதி முதன்முதலாக மக்கள் முன் பேசினார். அதற்கு இரு வாரங்களுக்கு முன், ஓகஸ்ட் 10 ஆம் திகதி, அதே வளாகத்தின் மீது படையினர் சுட்டனர். காயமுற்றோரைப் பராமரித்துக்கொண்டிருந்த தாதியரும் சுடப்பட்டோருள் இருந்தனர்.

இதனை எழுதும்போது எமது கை எங்கே செல்லும் என்பதை வாசகர் அறிவர். 1987 ஒக்ரோபர் 21, 22 ஆம் திகதிகளில், தீபாவளி வேளையில், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்த இந்தியப் படையினராற் கொல்லப்பட்ட நோயாளரையும் ஊழியரையும் நாம் மறக்கவில்லை. தாதியருடன் கைகளை உயர்த்தியவாறு வந்த குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரமும் சுட்டுக் கொல்லப்பட்டார். வைத்தியசாலை மீது சுடுவோர் அன்று அங்கே கிடப்போரை மட்டும் கொல்வதில்லை. பயின்ற கை ஒன்று வீழ்ந்தால், அது இனி மீட்டிருக்கக்கூடிய உயிர்களும் உடன் வீழ்கின்றன.

1988 இன் அடக்குமுறையிலிருந்து தப்பியோடியவர்களுள் சிந்தியா மாங் என்ற கரேன் இன வைத்தியரும் ஒருவர். 1989 இல் தாய்லாந்து எல்லையூரான மே சொட்டில், பழைய கட்டடமொன்றில் ஒரு சிறு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். கருவிகளைக் கிருமிநீக்க அவரிடம் இருந்தது சோறு காய்ச்சும் மின்பானை ஒன்று. அந்நிலையம் வளர்ந்து, ஆயிரமாயிரம் அகதிகளுக்குச் சிகிச்சையளித்து, எல்லையின் இருபுறமும் பணியாற்றும் சுகாதார ஊழியர்களைப் பயிற்றுவித்தது. வண்டி இல்லாத இடத்தில் அறிவு இருந்தது. அறிவு வண்டியைத் தேடிக்கொண்டது. அறிவு இல்லாத இடத்தில் இருக்கும் வண்டியோ தூசு படிந்து நிற்கும்.

2025 மார்ச் 28 ஆம் திகதி மண்டலே, சகாயிங் பகுதிகளை 7.7 அளவிலான நிலநடுக்கம் தாக்கியபோது இவ்வுண்மை மீண்டும் வெளிப்பட்டது. வைத்தியசாலைக் கட்டடங்கள் சேதமுற, நோயாளிகள் வெளியே வெயிலிற் கிடத்தப்பட்டனர். அங்கே எந்த இலாச்சியும் இல்லை. தெரிந்த கைகள் இருந்த இடத்தில் மட்டும் சிலர் பிழைத்தனர்.

நாம் செய்யக்கூடியவை

இக்கட்டுரையை வாசிக்கும் சகோதரிகளிலும் சகோதரர்களிலும் பலர் இந்நாடுகளின் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்கின்றீர்கள். சிலர் தாதியர், சிலர் உதவியாளர், சிலர் துப்புரவுப் பணியாளர். ஊரிலே தாதியாயிருந்து, இங்கே சான்றிதழ் ஏற்கப்படாமையால் தரை துடைக்கும் சகோதரிகளையும் நாம் அறிவோம். உங்களிடம் மூன்று விடயங்களைக் கேட்கின்றோம்.

முதலாவது, நாளைக்கு வேலைக்குச் செல்லும்போது அந்த வண்டி எங்கே நிற்கின்றது என்று பாருங்கள். பொறுப்பானவரிடம் அனுமதி பெற்று, ஒவ்வோர் இலாச்சியிலும் என்ன இருக்கின்றதென்று கேட்டறியுங்கள். மேற்சட்டங்களின் பெயர் அந்நிய மொழியில் இருந்தால், இடத்தை மனதிற் பதியுங்கள், நிறத்தைப் பதியுங்கள். அவசர வேளையில் மொழி தடுமாறும், கை தடுமாறாது. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். எமக்கு மொழி போதாது என்று எண்ணி வாய்மூடி நிற்கும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. அதுவும் ஒரு பூட்டே.

இரண்டாவது, நெஞ்சழுத்தும் பயிற்சியை எல்லோரும் பெறுங்கள். வைத்தியசாலை ஊழியர் மட்டுமல்ல. கடைக்காரர், ஓட்டுநர், தமிழ்ப் பள்ளி ஆசிரியர், கோவில் நிர்வாகத்தினர் எல்லோரும். பயிற்சிக்குப் பயன்படும் பொம்மையின் பெயர் ஆன். 1960 இல் நோர்வே நாட்டு விளையாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முன்ட் லேடால் அதனைச் செய்தார். அதன் முகம், பாரிஸ் நகரின் செயின் ஆற்றிலே மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் அறியப்படாத ஓர் இளம்பெண்ணின் முகவார்ப்பிலிருந்து எடுக்கப்பட்டது. ஊரும் பேரும் தெரியாமல் இறந்த ஒருத்தியின் முகத்தின் மீது குனிந்து, உலகமெங்கும் மக்கள் உயிர்காக்கப் பழகுகின்றனர். பெயரற்று மாண்டோர் பலரை உடைய எமது இனத்திற்கு இச்செய்தி வெறும் செய்தியன்று.

மூன்றாவது, ஊருக்கு உதவுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஊர் வைத்தியசாலைக்கு இயந்திரம் வாங்கி அனுப்ப நிதி சேர்க்கும் சங்கங்கள் பல. நல்ல பணி. ஆனால் இயந்திரத்துடன் நின்றுவிட வேண்டாம். அதனைப் பயன்படுத்தும் தாதியரின் மீள்பயிற்சிக்கும், தீர்ந்த மருந்தை மறுநாளே நிரப்புவதற்கும், காலாவதியான பற்றரியை மாற்றுவதற்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். திறப்பு விழாவிற் படம் எடுக்க இயந்திரம் போதும். நள்ளிரவிற்குத் தாதி வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒரு தடவை, எவருக்கும் முன்னறிவிப்பின்றி ஒரு பொம்மையைக் கட்டிலிற் கிடத்தி, மணிக்கூட்டைப் பார்த்து ஒத்திகை செய்வதற்குப் பெருஞ்செலவு இல்லை. அந்த ஒத்திகையில், வைத்தியர் வரும்வரை தொடங்கவும் முடிவெடுக்கவும் தாதிக்கு அதிகாரம் உண்டு என்று எழுத்திலே கொடுத்து வைத்தால் செலவு முற்றாகவே இல்லை.

எமது தகப்பனார் அன்றிரவு நடந்ததை விழித்திருந்து பார்த்தவர். வீடு திரும்பிய பின்னர் ஒரு நாள், "அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் காட்டிக் குடுக்கேல்லை" என்று மட்டும் சொன்னார். சாவியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. யாங்கோனின் தாதியரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவ்வார்த்தை எமது காதில் ஒலிக்கின்றது. காட்டிக் கொடுக்கப்பட்டவர்கள் விரட்டப்பட்டும், காட்டிக் கொடுப்பார் இல்லாதவர்கள் பூட்டிய வண்டியின் முன்னும் நிற்கும் காலம் இது. எம்மால் இயன்ற இடத்தில், எமக்கு அருகே உள்ள ஒரு வண்டியின் இலாச்சியையேனும் திறந்து பார்த்து வைப்போம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.